மீண்டும் வந்த டொக்டர்

எழுபத்தைந்து வயதை நெருங்கும் ஒருவன், குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பதற்கென எடுக்கப்பட்ட ஓர் ஆங்கில அறிபுனைத் தொடரைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அரசியலை விட்டுவிட்டு இதென்ன விளையாட்டு என்று கேட்கக்கூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் சொல்லக்கூடியது ஒன்றுதான். நான் எழுதிய அரசியற் கட்டுரைகள் பலவற்றை நானே மறந்துவிட்டேன். 'டொக்டர் ஹூ' என்னும் இத்தொடரின் சில காட்சிகளை இன்றுவரை மறக்க முடியவில்லை. அவற்றில் சிலவற்றை மன்னிக்கவும் முடியவில்லை.

1975 ஜனவரியில் ஆறு மாத காலப் பத்திரிகைப் பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தேன். அப்போது கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். தொலைக்காட்சி என்பதை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. நமது நாட்டுக்கு அது 1979இல்தான் வந்தது. நான் தங்கியிருந்த அறையின் சொந்தக்காரி அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு கைம்பெண். சனிக்கிழமை மாலையில் வாடகைக்காரர்கள் எல்லோரையும் கீழே அழைத்துத் தேநீர் தருவார். அவரது பெட்டி கறுப்பு வெள்ளைப் பெட்டி. முதலில் காற்பந்தாட்ட முடிவுகள் டெலிபிரின்டரில் எழுத்தெழுத்தாக வந்து விழும். எங்கள் அலுவலகத்தில் இரவு பகலாக இரைந்துகொண்டிருந்த அதே இயந்திரம் இங்கே விளையாட்டு முடிவு சொல்வதைக் கண்டு முதல் நாள் சிரித்துவிட்டேன். அது முடிந்த சிறிது நேரத்தில் விசித்திரமான ஓர் ஓசையுடன் இந்தத் தொடர் ஆரம்பமாகும். வீட்டுக்காரி கையிலிருந்த பின்னல் ஊசிகளைக் கீழே வைத்துவிடுவார்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963 நவம்பர் 23ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், பிபிசியில் ஆரம்பமான தொடர் இது. முதற் கதையை நெறியாள்கை செய்தவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசெய்ன். கதாநாயகனுக்குப் பெயர் இல்லை, 'டொக்டர்' மாத்திரமே. கலிஃப்ரே என்னும் கிரகத்திலிருந்து வந்தவர். வெளியே நீல நிறப் பொலிஸ் தொலைபேசிப் பெட்டியாகவும் உள்ளே மாளிகையளவு பெரியதாகவும் இருக்கும் ஒரு கலத்தில் காலத்திலும் வெளியிலும் அலைபவர். இறக்கும் தறுவாயில் உடல் மாறி வேறொருவராகிவிடுவார். முதல் நடிகரான வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றிய காரணத்தால் 1966இல் கண்டுபிடிக்கப்பட்ட உபாயம் அது. அதன் பயனாகவே தொடர் இன்றுவரை உயிர்வாழ்கிறது.

நான் பார்த்தபோது டொக்டராக இருந்தவர் டொம் பேக்கர். பெரிய கண்கள், சுருட்டை முடி, நிலத்தில் புரளும் கழுத்துத் துண்டு. (அந்தத் துண்டைப் பின்னிய பெண்ணிடம் தேவைக்கு அதிகமான நூலைக் கொடுத்துவிட்டார்களாம். அவர் கொடுத்த நூல் முழுவதையும் பின்னிவிட்டாராம்.) அவ்வாண்டு மார்ச் 8 முதல் ஏப்ரல் 12 வரை ஆறு வாரங்கள் ஒரு கதை ஒளிபரப்பானது. டாலெக் என்னும் கொடிய இனம் தோன்றிய வரலாறு. மிளகுத்தூள்ச் சிமிழைப் போன்ற உருவம், உள்ளே இரக்கம் நீக்கப்பட்ட ஓர் உயிர், தம்மைத் தவிர வேறெதையும் வாழவிடாத கொள்கை. அவற்றை முளையிலேயே அழித்துவிட டொக்டருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. வெடிமருந்தின் இரண்டு கம்பிகள் அவர் கைகளில் இருக்கின்றன. இரண்டையும் தொடுத்தால் போதும், எதிர்காலத்தில் கோடானுகோடி உயிர்கள் காப்பாற்றப்படும். ஆனால் அவர் தயங்குகிறார். ஓர் இனத்தை முழுமையாக அழிப்பதற்குத் தனக்கு உரிமை உண்டா என்று கேட்கிறார்.

புத்தாண்டுக்கு இரண்டு நாட்கள் இருந்தன. வீட்டு நினைவோடு அமர்ந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு ஆழமாகப் பட்டதென்று அன்று விளங்கவில்லை. நான் இளைஞன். தொடுத்துவிட வேண்டியதுதானே என்றே முதலில் எண்ணினேன். வீட்டுக்காரியும், "தொட்டுவிடு, தொட்டுவிடு" என்று பெட்டியைப் பார்த்துச் சத்தமிட்டார். அதற்கடுத்த வாரம் புனோம்பென் வீழ்ந்தது. மாத முடிவில் சைகோன் வீழ்ந்தது. பயிற்சி நிலையத்தில் அச்செய்திகளை வெட்டிச் சுருக்கித் தலைப்பிடுவதே எங்களுக்குத் தரப்பட்ட வேலை.

ஜூலையில் நாடு திரும்பினேன். அதன் பின்னர் முப்பது ஆண்டுகள் அத்தொடரை நான் பார்க்கவில்லை. அந்த ஆண்டுகளில் நமது நாட்டில் நடந்தவற்றை இங்கு மீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் எங்கள் வீடு எரிந்தபோது லண்டனில் எழுதிய குறிப்பேடுகளும் முதல் பத்தாண்டுகளில் நான் எழுதியவற்றின் நறுக்குகளும் போயின. தங்கை கணவனோடு லண்டன் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். 1989 டிசம்பரில், இருபத்தாறாவது பருவத்தோடு, அத்தொடர் நின்றுபோன செய்தி எனக்கு எட்டவேயில்லை. எட்டியிருந்தாலும் அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அறுபதுகளில் ஒளிபரப்பான பகுதிகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றை பிபிசி காப்பாற்றவில்லை. ஒளிநாடாவின் விலை அதிகம் என்பதால் அழித்துவிட்டு அதன்மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். திரைப்படச் சுருள்களை இடம் போதவில்லை என்று வீசினார்கள். ஆனால் காணாமற்போன அத்தனை பகுதிகளினதும் ஒலி மாத்திரம் எஞ்சியிருக்கிறது. காரணம், அக்காலத்தில் வீடுகளிலிருந்த சில இரசிகர்கள் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். நைஜீரியாவின் ஜொஸ் நகரிலுள்ள ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஒன்பது பகுதிகளின் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டதாக 2013இல் அறிவிக்கப்பட்டது. நிறுவனம் எறிந்ததை எங்கோ ஒருவர் அலுமாரியில் விட்டு வைத்திருந்தார். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தையும் ஈழநாடு அலுவலகத்தையும் இழந்தவர்கள் நாங்கள். எங்களுடையது எறிந்ததல்ல, எரித்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது முறையல்ல என்பதை அறிவேன். ஆனாலும் அச்செய்தியை வாசித்த அன்று எனக்கு அந்த நூலகம்தான் நினைவுக்கு வந்தது.

2005 மார்ச் 26ஆம் திகதி தொடர் புத்துயிர் பெற்றது. ரஸல் ரி. டேவிஸ் என்பவரின் தலைமையில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் தயாரித்தார்கள். முதற் பகுதியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மருமகன் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். "மாமா, நீங்கள் லண்டனிலை பார்த்த நாடகம் திரும்ப வந்திட்டுது, பாருங்கோ" என்று தொலைபேசியில் சொல்லி, குறுவட்டுக்களை ஒரு நண்பர் மூலம் கொழும்புக்கு அனுப்பிவைத்தான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கழுத்துத் துண்டும் இல்லை, சுருட்டை முடியும் இல்லை. தோல் அங்கி அணிந்து, தலைமயிரை ஒட்ட வெட்டிய கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் வட இங்கிலாந்துப் பேச்சில் பொரிந்து தள்ளினார். ஆறு வாரங்கள் ஆறுதலாக நகர்ந்த கதைகளின் இடத்தில் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடியும் ஓட்டம். எங்கே அழ வேண்டும், எங்கே திகைக்க வேண்டும் என்று இசையே கட்டளையிட்டது. பிரித்தானியப் பிரதமரின் இல்லத்துக்குள் வேற்றுக்கிரகவாசிகள் புகுந்து வாயு விடும் பகுதியில் குறுவட்டை நிறுத்திவிட்டு உறங்கப் போனேன். பழைய தொடரில் அரக்கர்கள் இறப்பரால் செய்யப்பட்டிருந்தார்கள், உரையாடல்கள் உறுதியாக இருந்தன. இப்போது அரக்கர்கள் கணினியில் மெருகேறிவிட்டார்கள், உரையாடல்கள்தாம் இறப்பர் என்று மருமகனுக்கு எழுதினேன். அது வயதின் எரிச்சல் என்று பதில் வந்தது. பாதி உண்மை.

ஆறாம் பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரொபர்ட் ஷியர்மன் எழுதியது. அமெரிக்காவில் ஒரு கோடீசுவரனின் நிலக்கீழ் அருங்காட்சியகத்தில் தன்னந்தனியே ஒரு டாலெக் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதனைக் காணும் டொக்டரின் முகம் மாறுகிறது. இடைப்பட்ட காலத்தில் நடந்த ஒரு மாபெரும் போரில் டாலெக்குகளை அழிப்பதற்காகத் தன் சொந்தக் கிரகத்தையே தன் கையால் அழித்தவர் அவர். எஞ்சியது தான் ஒருவரே. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு கம்பிகளைத் தொடுக்கத் தயங்கிய மனிதன் இப்போது சங்கிலியில் கிடக்கும் ஒரு உயிரை வதைத்து மகிழ்கிறான். நீ நல்லதொரு டாலெக்காக இருந்திருப்பாய் என்று அந்த இயந்திரம் அவனிடம் சொல்கிறது.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். போரிலிருந்து வந்து எங்கள் ஆசிரிய பீடத்தில் தேநீர் அருந்திச் சென்றவர்கள் சிலரிடம் அதனைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எந்தத் தரப்பினர் என்பது இங்கு முக்கியமல்ல.

அந்த வட்டுக்களை நான் தொடர்ச்சியாகப் பார்க்கவில்லை. வேலை அப்படி. 2006 ஓகஸ்டில் ஓர் இரவு, மூதூரிலிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த நாட்களில், நள்ளிரவு கடந்து வீடு வந்தேன். அன்றைய முதற்பக்கத் தலைப்பில் இறந்தவர் எண்ணிக்கையை மூன்று முறை மாற்றியிருந்தோம். ஒரு தரப்பு ஓர் இலக்கத்தைச் சொன்னது, மறு தரப்பு வேறொன்றைச் சொன்னது, மருத்துவமனையிலிருந்து மூன்றாவதொன்று வந்தது. கடைசியாக அச்சுக்குப் போனது எதுவென்று எனக்கே நிச்சயமில்லை. உறக்கம் வராமல் மீதமிருந்த வட்டொன்றைப் போட்டேன். 1941ஆம் ஆண்டின் லண்டன், ஜெர்மனிய விமானங்களின் குண்டுவீச்சு. முகத்தோடு ஒட்டிப்போன வாயுக் கவசத்துடன் ஒரு சிறுவன் இருண்ட தெருக்களில் அம்மாவைத் தேடி அலைகிறான். அவன் தொட்டவர்களெல்லாம் அவனைப் போலாகிவிடுகிறார்கள். ஸ்டீவன் மொஃபற் எழுதிய இரு பகுதிக் கதை அது. முடிவில், அவனது அக்காவென்று எல்லோரும் நினைத்திருந்த இளம்பெண் தானே தாய் என்று ஒப்புக்கொண்டு அவனைக் கட்டியணைக்கிறாள். கவசம் கழன்றுவிடுகிறது. மற்றவர்களும் குணமடைகிறார்கள். இந்த ஒரு தடவை மாத்திரம் எவரும் சாகவில்லை என்று டொக்டர் பித்துப் பிடித்தவரைப் போலக் கூத்தாடுகிறார்.

நான் அழுதேன். பிறகு மிகவும் கோபமுற்றேன். ஒரு குண்டு விழுந்த இரவில் ஒருவரும் இறக்கவில்லை என்று எழுதுவதற்கு அந்த எழுத்தாளருக்கு எவ்வளவு துணிச்சல் என்று எண்ணினேன். மறுநாள் அலுவலகத்தில் ஒப்புநோக்குநராக இருந்த மூத்த நண்பரிடம் இதனைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒரு தரமாவது அப்படி ஒரு தலைப்புப் போட வேணும் எண்டு எனக்கும் ஆசைதான், ஐயா" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அவர் அடுத்த ஆண்டு காலமானார்.

2009க்குப் பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறான எதனையும் பார்க்கும் மனநிலை இருக்கவில்லை.

2013 நவம்பர் 23இல் தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதி தொண்ணூற்று நான்கு நாடுகளில் ஒரே நேரத்தில் காட்டப்பட்டது. சில நாட்களின் பின் எனக்கும் வந்து சேர்ந்தது. போரை முடித்த அந்த நாளுக்கே கதை திரும்பிச் செல்கிறது. ஜோன் ஹேர்ட் நடித்த முதிய டொக்டர் அழிவுக்குரிய பொத்தானின் முன் நிற்கிறார். எதிர்காலத்திலிருந்து வந்த தனது இரண்டு உருவங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார். அன்று அந்தக் கிரகத்தில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று நீங்கள் எப்போதாவது எண்ணினீர்களா? ஒருவர் மறந்துவிட்டேன் என்கிறார். டேவிட் டெனன்ற் நடித்த மற்றவருக்கு இலக்கம் தெரிந்திருக்கிறது. 247 கோடி. மறந்தவனைப் பார்த்து அவர் சீறுகிறார்.

அந்தக் கேள்வியை நான் பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கொன்றவனே எண்ணியிருக்கிறான் என்பதுதான் என்னைத் தைத்தது. நமது நாட்டில் 2009இன் இறுதி மாதங்களில் இறந்தவர்களின் தொகை இன்னும் வாதத்துக்குரியதாகவே இருக்கிறது. அறிக்கைக்கு அறிக்கை இலக்கம் மாறுகிறது. வாழ்நாள் முழுவதும் இலக்கங்களைத் தலைப்பில் இட்டவனுக்கு இது சொந்தத் தோல்வியாகவும் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பகுதியின் முடிவில், மூவரும் சேர்ந்து கிரகத்தை அழிக்காமல் ஒளித்துவைத்துவிடுகிறார்கள். ஒருவரும் சாகவில்லை, மறுபடியும்! அந்த முதியவருக்கு இது நினைவில் இராது, ஆகவே 2005இல் நாம் கண்ட துயரம் உண்மையான துயரமே என்று எழுத்தாளர் ஒரு முடிச்சும் போட்டிருந்தார். சாமர்த்தியம்தான். மருமகன் மகிழ்ச்சியில் திளைத்திருந்தான். நான் அவனிடம் சண்டை பிடித்தேன். எட்டு ஆண்டுகள் ஒருவன் சுமந்த பாரம் பொய்யென்று ஆக்கிவிட்டார்களே என்றேன். "மாமா, பிள்ளைகள் உயிரோடை இருக்கினம், அது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. நல்லவேளையாக அதற்குரிய அவசியத்தை 2020இல் அவர்களே நீக்கிவிட்டார்கள். கிரகத்தை வேறொருவன் எரித்துவிட்டதாக ஒரு காட்சியில் காட்டிவிட்டு, கதையை அடுத்த மர்மத்துக்கு நகர்த்தினார்கள். ஐம்பதாம் ஆண்டில் மூவர் திரண்டு காப்பாற்றிய குழந்தைகள், திரைக்கு வெளியே, ஒரு வாரத்துக் கதைத் திருப்பத்துக்காகச் செத்துப்போனார்கள். என் வரையில் புதிய தொடர் செய்த மிகப் பெரிய தவறு அது. ஒரு முறை காப்பாற்றியவர்களை இவ்வளவு அலட்சியமாகக் கொல்லக் கூடாது.

இடையில் 2018 நவம்பர் 11இல் ஒரு பகுதி வந்தது. வினய் பட்டேல் எழுதியது. ஜோடி விற்றேக்கர், முதற் பெண் டொக்டர், 1947 ஓகஸ்டின் பஞ்சாபுக்குச் செல்கிறார். எல்லைக்கோடு அறிவிக்கப்பட்ட நாட்களில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் ஓர் இந்து இளைஞனுக்கும் திருமணம். காட்டில் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் நடமாடுகிறார்கள். கொலைகாரர்கள் என்று டொக்டர் எண்ணுகிறார். ஒரு காலத்தில் அவ்வாறிருந்தவர்கள்தாம். அவர்கள் ஊர் திரும்பியபோது அவர்களின் கிரகம் அழிந்துவிட்டிருந்தது. சாட்சியாக ஒருவரும் இருக்கவில்லை. அன்றிலிருந்து தனியே இறப்பவர்களின் அருகில் நிற்பதையே தமது தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். மணமகன் தன் சொந்தத் தம்பியோடு வந்த கும்பலால் சுடப்படும்போது டொக்டரால் எதுவும் செய்ய முடியவில்லை. திரும்பிப் பாராமல் நடந்து போகிறார். அவர்கள் இருவரும் நின்று பார்க்கிறார்கள்.

அன்று எந்தக் குறையும் எனக்குத் தோன்றவில்லை. இசை கூட அடங்கியிருந்தது. காப்பாற்ற முடியாது, பக்கத்தில் நிற்கலாம் என்பதுதான் நான் நாற்பதாண்டுகள் செய்த தொழில். பல தடவை பக்கத்தில் கூட நிற்கவில்லை, தொலைபேசியின் மறுமுனையில்தான் இருந்தேன்.

2025 மே மாதத்தில் மருமகனின் வீட்டில் இருந்தேன். 17ஆம் திகதி சனிக்கிழமை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் மீண்டும் லண்டனில், சனிக்கிழமை மாலை, தேநீர், டொக்டர் ஹூ. இம்முறை டொக்டர், ருவாண்டாவில் பிறந்து இனப்படுகொலையின்போது குடும்பத்தோடு ஸ்கொட்லாந்துக்கு அகதியாக வந்த நூட்டி கற்வா. அன்றைய கதை ஒரு விண்வெளிப் பாட்டுப் போட்டி. யூரோவிஷன் இறுதிப் போட்டிக்கு முன்னால் காட்டுவதற்கென்றே எழுதியிருந்தார்கள். ஒளியும் வேடிக்கையுமாக ஆரம்பித்தது. ஹெலியா என்ற கிரகத்தை ஒரு வர்த்தக நிறுவனம் இலாபத்துக்காக எரித்துவிட்டது. போட்டிக்கு அனுசரணையாளரும் அந்த நிறுவனமே. ஹெலியாவைச் சேர்ந்த ஓர் இளைஞன், பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று இலட்சம் கோடிப் பேரையும் கொல்ல முயல்கிறான். டொக்டர் அவனைத் தடுப்பதோடு நில்லாமல் மின்னதிர்ச்சி கொடுத்து வதைக்கிறார். திரும்பத் திரும்ப.

பத்து வயதுப் பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தாத்தா, டொக்டர் ஏன் அப்படிச் செய்யிறார்?" என்றாள். மருமகன் ஒலியைக் குறைத்தான். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எரிக்கப்பட்ட ஊர்க்காரனைத்தான் கொலைகாரனாகக் காட்ட வேண்டுமா என்ற எரிச்சல் எனக்கு. அவன் கொல்ல முற்பட்டதும் உண்மைதானே என்ற எண்ணமும் கூடவே. கோபம் வந்தால் நல்லவர்களும் இப்படித்தான் என்று அவளுக்கு ஏதோ சொல்லிவைத்தேன். அது சரியான பதிலல்ல.

முடிவில், தன் கொம்புகளை வெட்டி அடையாளத்தை மறைத்து வாழ்ந்த ஹெலியாப் பாடகி ஒருத்தி மேடைக்கு வந்து தன் இனத்தின் மொழியில் பாடுகிறாள். அரங்கம் முதலில் மௌனமாக இருந்து, பிறகு கைதட்டுகிறது. நிறுவனத்துக்கு என்ன நடந்தது என்று கதை அதிகம் கவலைப்படவில்லை. ஒரு பாட்டோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா என்று உரக்கக் கேட்டேன். தங்கை குசினியிலிருந்து, "அண்ணா, பாட்டைக் கேட்கவிடுங்கோ" என்றாள். அவள் இந்தத் தொடரை ஒருபோதும் பார்ப்பவளல்ல. கையில் சேலையோடு வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். மறுநாள் மே 18. நினைவேந்தலுக்கு உடுத்திச் செல்ல அந்தச் சேலையைத்தான் அழுத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரங்களில் அந்தப் பருவமும் முடிந்தது. கற்வாவின் டொக்டர் போய், 2005இல் தோழியாக வந்த பில்லி பைப்பரின் முகம் திரையில் தோன்றியது. அது டொக்டரா இல்லையா என்பதைக்கூடச் சொல்லாமல் விட்டார்கள். ஒக்டோபரில் டிஸ்னி நிறுவனம் கூட்டிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது. டேவிஸ் எழுதும் ஒரு சிறப்புப் பகுதி 2026 கிறிஸ்மஸுக்கு வருமென்றும் பிபிசி சொன்னது. செய்தி வந்த அன்றே மருமகன் தொலைபேசி எடுத்தான். கிறிஸ்மஸுக்கு வந்து எங்களோடை இருந்து பாருங்கோ, ஆனால் படம் ஓடேக்கை கதைக்கக் கூடாது, இது அம்மாவின்ரை கட்டளை என்றான். விசா தந்தால் வருகிறேன், கதைக்காமல் இருப்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றேன்.